இருபத்தொரு பிரிட்ஜுகளும் ஏழு வள்ளம் சாளையும்

ஆவணி 30

இன்று முதல் நான் நாட்குறிப்பு எழுதுகிறேன். நானாக எடுத்த முடிவல்ல. காலையில் என் அண்ணன் மகள் பூங்கனி கம்பு புடைத்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் அமர்ந்து, ஒரே நாளில் நூற்று நாற்பது பிரிட்ஜுகளைப் பழுதுபார்த்து, கடைசிப் பிரிட்ஜின் கதவைத் திறந்தபோது உள்ளே ஒரு பனிக்கரடி நின்று கும்பிடு போட்ட வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"சித்தப்பா, போன மாசம் எழுபது பிரிட்ஜுன்னு சொன்னிய."

"கரடி அதே கரடிதான்."

"இதையெல்லாம் எதுலயாவது எழுதி வைங்க. என் காது செத்த ஓய்வெடுக்கட்டும்."

எழுதுகிறேன். நோட்டு, என் பழைய சர்வீஸ் புத்தகம். முன்பக்கத்தில் கேஸ் லீக், கதவு ரப்பர், கம்ப்ரசர் சத்தம். பின்பக்கத்தில் நான்.

வருங்காலச் சந்ததிக்கு ஒரு சிறு விளக்கம். மின்சாரம் போய் ஏறக்குறைய ஒரு வருடம் ஆகிறது. முதலில் கரன்ட் போனது, பிறகு போன், பிறகு டீசல், பிறகு சர்க்கார். எது எதை இழுத்துக்கொண்டு விழுந்தது என்று எங்கள் குடியிருப்போர் சங்கத் தலைவர் ஆவுடையப்ப பிள்ளை இன்னும் ஆராய்ந்துவருகிறார். நாங்கள் இருப்பது தூத்துக்குடிக்குத் தெற்கே, உப்பளத்துக்கும் கடலுக்கும் நடுவே, நெய்தல் நகர் என்னும் அடுக்குமாடிக் குடியிருப்பு. தொண்ணூறு குடும்பம் இருந்த இடத்தில் இப்போது முப்பத்திரண்டு. போனவர்கள் விட்டுப்போன பிரிட்ஜுகள் இருபத்தொன்று. அவற்றை சைக்கிள் ஷெட்டில் வரிசையாக நிறுத்தி, தினமும் துடைத்து, கதவைத் திறந்து காற்றாட விட்டு, அரசு மரியாதையோடு பராமரிப்பவன் திருவாளர் அய்யாக்குட்டி, வயது ஐம்பத்தெட்டு, குளிர்சாதனங்களின் முடிசூடா மன்னன். அதாவது நான்.

செத்த பிரிட்ஜ் என்கிறார்கள். ஓய்வில் இருக்கும் பிரிட்ஜ் என்பேன் நான்.

புரட்டாசி 3

காயப்போடும் களத்தில் எனக்கு இன்று காக்கா விரட்டும் பணி. களத்தின் அரசி சேசம்மாள். பக்கத்து மீன்பிடி ஊரான சங்குமுனையில் பிறந்தவள். இப்போது எங்களோடு குடியிருக்கிறாள். கருவாட்டைப் பற்றி அவளுக்குத் தெரியாதது மீனுக்கே தெரியாது. அவள் இங்கே குரல் கொடுத்தால் இலங்கையில் நாய் குரைக்கும்.

ஈக்கள் இன்று சூரியனை மறைத்துவிட்டன. நண்பகலில் விளக்கேற்ற வேண்டியதாயிற்று. காக்கைகளில் ஒன்று என்னை அடையாளம் கண்டுகொண்டு, மற்றவற்றிடம் "இந்த ஆள் ஒன்றும் செய்ய மாட்டான்" என்று சொன்னதை என் காதால் கேட்டேன்.

"அண்ணாச்சி, ஒரு பாய் கருவாடு போச்சு," என்றாள் சேசம்மாள்.

"காக்கை ஆயிரம் வந்தது."

"மூணு வந்துச்சு. நீங்க தூங்குனிய."

ஷெட்டைக் கடந்து போகும்போது பிரிட்ஜுகளைப் பார்த்து நின்றாள். "இத நிக்க வச்சு என்ன பண்ணப்போறிய? மல்லாக்கப் படுக்கப் போட்டா உப்புத் தொட்டி ஆகும்லா."

பிரிட்ஜைப் படுக்கப் போடுவதா? எங்கள் தொழிலின் முதல் சட்டமே அதுதான்: வண்டியில் ஏற்றினாலும், மாடியில் இறக்கினாலும், வெள்ளம் வந்தாலும், பிரிட்ஜ் நிற்க வேண்டும். படுத்தால் கம்ப்ரசரில் உள்ள எண்ணெய் குழாய்க்குள் ஏறும். ஏறி மாதக்கணக்கில் ஊறினால், பிறகு கரன்ட் வந்தாலும் அது ஓடாது. இதை அவளுக்கு விளக்கினேன்.

"கரன்ட் வந்தாத்தானே அண்ணாச்சி," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். படிப்பறிவில்லாத பேச்சு.

புரட்டாசி 7

சங்கக் கூட்டம். ஆவுடையப்ப பிள்ளை, பேங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், இன்றும் பெட்டியோடுதான் கூட்டத்துக்கு வருகிறார். பெட்டியில் ஒன்றுமில்லை. அதைத் திறந்து, உள்ளே பார்த்து, மூடிவிட்டுத்தான் பேசத் தொடங்குவார்.

தீர்மானம் ஒன்று: மழைக்காலச் சேமிப்பு மூன்றில் ஒரு பங்குதான் இருக்கிறது. பூங்கனிதான் சேமிப்பறைப் பொறுப்பு. எழுந்து நின்று சொன்னாள். ஐப்பசியில் மழை இறங்கினால் மார்கழிவரை கடலும் கிடையாது, காயப்போட வெயிலும் கிடையாது.

தீர்மானம் இரண்டு: பதினான்கு குடும்பங்கள் கோவில்பட்டிப் பக்கம் கரிசல் காட்டுக்குப் போக மாட்டு வண்டி சொல்லிவிட்டன. ஐப்பசி இருபத்தைந்துக்கு வண்டி வரும். அதற்குள் சேமிப்பறை நிறைந்தால் இருப்பார்கள். இல்லையென்றால் போவார்கள். மிச்சமிருக்கும் பதினெட்டுக் குடும்பத்தால் கிணறு இறைத்து, காவல் காத்து, உப்பு சுமந்து, இந்த இடத்தை நடத்த முடியாது.

பதினான்கில் ஒன்று பூங்கனியின் குடும்பம். அவள் புருஷன் ராமையா தலையைக் குனிந்துகொண்டு கை தூக்கினான். இன்னொரு மழைக்காலம் போன வருடத்தைப் போல வேண்டாம் என்றான். நல்ல பையன். தவறாக ஒன்றும் சொல்லவில்லை.

தீர்மானம் மூன்று: கூரை ஒழுகுகிறது. தகடு வேண்டும். ஆயுத பூஜை முடிந்த மறுநாள் இருபத்தொரு பிரிட்ஜுகளையும் உடைத்துத் தகடு எடுப்பது. அதற்குள் அவற்றால் ஏதாவது பயன் உண்டென்று அய்யாக்குட்டி நிரூபித்தால் மறுபரிசீலனை.

"வே அய்யாக்குட்டி, ஆட்சேபம் உண்டா?"

"வரலாறு உங்களை மன்னிக்காது தலைவரே."

"வரலாறு மெம்பர் இல்ல. அடுத்தது."

புரட்டாசி 8

பூங்கனி போனால் எனக்கென்ன. இருபத்தொரு பேர் துணைக்கு இருக்கிறார்கள்.

புரட்டாசி 12

உலகின் முதல் புகைப்பதன பிரிட்ஜ் இன்று காலை பத்து மணிக்கு அடியேனால் தொடங்கி வைக்கப்பட்டது. கீழ்த்தட்டில் தேங்காய் மட்டைக் கங்கு; மேல்தட்டுகளில் உப்பில் பிரட்டிய மீன்; கதவை மூடினால் புகை உள்ளேயே சுற்றிச் சுற்றி வந்து மீனைப் பதப்படுத்தும். விஞ்ஞானம் தலை வணங்கும் யோசனை.

கதவைத் திறந்தபோது எழுந்த புகை திருச்செந்தூர்வரை போக, அங்கே மழை என்று நினைத்துத் துணி எடுத்தார்களாம். பிரிட்ஜின் உட்சுவர் பிளாஸ்டிக் என்பது ஒரு நொடி என் நினைவைவிட்டு அகன்றிருந்தது. முப்பத்தைந்து வருட அனுபவத்தில் ஒரு நொடி.

மீனை ராமையா வாயில் வைத்துப் பார்த்தான்.

"எப்படி மாப்ளே?"

"வாளியத் தின்ன மாதிரி இருக்கு மாமா."

"நல்ல வாளியா?"

சிரித்துவிட்டான். எனக்கு அது போதும். பிரிட்ஜ் எண்ணிக்கை இன்னும் இருபத்தொன்றுதான். ஒன்றின் உள்ளம் மட்டும் கொஞ்சம் கருகியிருக்கிறது.

புரட்டாசி 17

பிரிட்ஜ் தட்டுகளில் சுண்டைக்காயும் கொத்தவரங்காயும் மோரில் ஊறவைத்துக் காயப்போட்டோம். கம்பித் தட்டு என்பதால் கீழிருந்தும் காற்று ஏறி, ஓலைப்பாயில் நாலு நாள் ஆகிற வத்தல் இரண்டே நாளில் கலகலவென்று காய்ந்தது. ஆவுடையப்ப பிள்ளை சைவம். வத்தலை ஒன்று ஒன்றாக எடுத்து, நல்லது கெட்டது பார்த்து, பாதியைத் தின்றுவிட்டுத் திருப்தி என்றார்.

"அப்ப பிரிட்ஜுக்குப் பயன் உண்டு?"

"தட்டுக்குப் பயன் உண்டு. தட்ட வச்சுக்கிடும். பெட்டிய ஒடைப்போம்."

இவரிடம் கடன் கேட்டுப் போனவர்களின் பாடு எனக்கு இன்றுதான் புரிந்தது.

புரட்டாசி 22

வானம் மூட்டம். களத்தில் மீன் காயவில்லை, புழு வைக்கிறது. இரண்டு பாய் அப்படியே கொட்ட வேண்டியதாயிற்று. பூங்கனி குழி வெட்டிப் புதைத்தாள். சேமிப்பறையில் அதே மூன்றில் ஒரு பங்கு.

போன வருடத்தைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். நோட்டில் தாள் குறைவு.

புரட்டாசி 25

அபாரமான திட்டம் ஒன்று உதித்திருக்கிறது. ஆயுத பூஜையை இந்த வருடம் உலகம் காணாத வகையில் நடத்துவது என்று சங்கத்தில் சொல்லிவிட்டேன். ஒவ்வொரு வீட்டின் ஒவ்வொரு ஆயுதமும் பூஜைக்கு வர வேண்டும். பொட்டு வைத்து, மாலை போட்டு, கற்பூரம் காட்டுவது. என் இருபத்தொரு பிரிட்ஜுகளுக்கும் சந்தனம், குங்குமம்.

பூஜை போட்ட பொருளை மறுநாளே சம்மட்டியால் உடைக்க எந்தத் தமிழனுக்கும் கை வராது என்பது ஒரு தற்செயலான கூடுதல் நன்மை. எனக்கு அப்படி ஒரு எண்ணம் துளியும் கிடையாது.

புரட்டாசி 27

காலைமுதல் வீடு வீடாகப் போய் ஆயுதம் திரட்டினேன். கத்தி எழுபது, அரிவாள்மனை முப்பத்தொன்று, மண்வெட்டி, கூடை, முறம், சுளகு, கரண்டி, கிணற்று வாளி, ஆவுடையப்ப பிள்ளையின் பவுண்டன் பேனா. சேசம்மாளின் மீன் கத்தியை அவள் குளிக்கப் போனபோது எடுத்து வந்தேன். பதினெட்டு நாள் குருக்ஷேத்திரத்தில்கூட இத்தனை ஆயுதம் சேர்ந்திருக்காது.

எல்லாவற்றையும் கூட்ட அறையில் குவித்து, வேதக்காரியான சேசம்மாளைத் தவிர எல்லோரையும் கற்பூரத்தின்மேல் சத்தியம் செய்ய வைத்தேன். நாளைக் காலை பூஜை. நாளை மறுநாள் சூரியன் உதிக்கும்வரை ஆயுதத்தைத் தொடுவதில்லை. தொட்டவர்கள் அடுத்த ஏழு பிறவியும் சீலிங் ஃபேனாகப் பிறக்கக் கடவர்.

"கொஞ்சம் அதிகமா இருக்கு சித்தப்பா," என்றாள் பூங்கனி.

"அதிகமில்லாத சத்தியம் ஒரு சத்தியமா?"

புரட்டாசி 28, ஆயுத பூஜை

இன்று நடந்ததை ஒன்றுக்குப் பத்தாக எழுத எனக்குத் தெரியும். எழுதப்போவதில்லை. ஒன்றே பத்தாக இருந்தது.

காலையில் பூஜை. தட்டாம்பயறு சுண்டல். பிரிட்ஜுகள் பொட்டும் பூவுமாக, மணமேடையில் நிற்பதுபோல ஷெட்டில் நின்றன. மதியம் எல்லோரும் கையை வீசிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எதையும் தொட வழியில்லை.

இரண்டு மணிக்கு சேசம்மாளின் தம்பி மிக்கேல் ஓடி வந்தான். மூச்சு வாங்கியது.

"அக்கா, சாளை மீனு. ஏழு வள்ளம். கரை மடி வலை கிழியுது. இந்த மாதிரி ஒரு மீன்பாட்ட எங்கப்பன்கூடப் பாத்ததில்ல."

எல்லோரும் கடற்கரைக்கு ஓடினோம். கரை முழுக்க வெள்ளி. நான் பொய் சொன்னால் நாக்கு அழுகட்டும்: நடக்க இடமில்லை. மிக்கேல் தெற்கே கையைக் காட்டினான். கன்னங்கரேலென்று மேகம் எழும்பி நின்றது.

"நாளைக்கு இறங்கிரும். காயப்போட முடியாது. உப்புல போட எங்ககிட்ட இருக்குறது ரெண்டே தொட்டி. பொழுது சாயுறதுக்குள்ள உப்பேறலைன்னா அம்புட்டும் நாறிரும். நீங்க உப்பிட்டு வைங்க. மழைக்காலத்துல மீனு பாதி உங்களுக்கு, பாதி எங்களுக்கு."

பூங்கனி என் பக்கம் திரும்பினாள். முப்பத்திரண்டு குடும்பமும் என் பக்கம் திரும்பியது. கத்தி எழுபது, அரிவாள்மனை முப்பத்தொன்று, கூடை, முறம் எல்லாம் மாலையோடு ஓய்வில் இருக்கின்றன.

"எடுத்துருவோமா?" என்றான் ராமையா.

"சத்தியம் பண்ணியாச்சுவே," என்றார் ஆவுடையப்ப பிள்ளை. "கற்பூரத்துல. எனக்கு ஃபேனாப் பொறக்க இஷ்டமில்ல."

"எனக்குச் சத்தியமும் இல்ல, பூசையும் இல்ல," என்றாள் சேசம்மாள். "எங் கத்தி எங்க? நான் குளிக்கப் போயிருந்தப்ப எடுத்து, பொட்டும் வச்சுட்டாக. யாருன்னு கேக்க மாட்டேன்."

நான் கடலைப் பார்த்தேன். கடல் அழகாகத்தான் இருந்தது.

பூங்கனி குனிந்து ஒரு சாளையை எடுத்தாள். கட்டைவிரலால் தலையைக் கிள்ளி இழுத்தாள். தலையோடு குடலும் கூடவே வந்தது. ஒரே இழுப்பு.

"கைய யாரும் பூசையில வைக்கலையே," என்றாள்.

சேசம்மாள் முந்தானையை இழுத்துச் செருகினாள். "சாளைக்குக் கத்தி எதுக்கு? உக்காருங்கடி."

நூறு பேர் மணலில் உட்கார்ந்துவிட்டார்கள். ஆனால் கிள்ளிய மீனை எதில் போட்டு உப்பிடுவது? தொட்டியில்லை. இரும்பு டிரம்மில் போட்டால் துருவேறும். சேசம்மாள் என்னைப் பார்த்தாள். என்ன சொல்லப் போகிறாள் என்று தெரியும். தெரியாத மாதிரி நின்றேன்.

"பிரிட்ஜைப் படுக்கப் போடுங்க அண்ணாச்சி."

"அதுவும் பூசையில இருக்கு," என்றார் ஆவுடையப்ப பிள்ளை. இந்த இடத்தில் மட்டும் எனக்கு அவர்மேல் அன்பு பிறந்தது. ஆனால் அவர் நிறுத்தவில்லை. "அதோட, அந்தப் பெட்டிய நம்பி ஒருக்க மோசம் போனது போதாதா? மூணு நாள்ல கரன்ட் வந்துரும், கதவத் தொறக்காதீக, உள்ள ஒண்ணும் கெடாதுன்னு இவரு சொல்லித்தானே, போன வருசம் அத்தன வீட்டு மீனும் கறியும் அழுகுச்சு? அப்பவே உப்பிட்டிருந்தா ஒரு மாசம் ஓடியிருக்கும்."

இந்த இடத்தில் நான் எல்லோரையும் சிரிக்க வைக்கும்படி ஏதோ ஒரு வேடிக்கை சொன்னேன். என்ன சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. நான் ஒன்றுமே சொல்லவில்லை, வாயைத் திறந்து மூடினேன் என்று பூங்கனி பிறகு சொன்னாள்.

அவள்தான் பேசினாள். "சித்தப்பா சொன்னாக. நாம கேட்டோம். நானும் கேட்டேன். தெனமும் கதவுகிட்ட போயி நின்னுட்டுத் தொறக்காம வந்தேன். அவுக நம்ம கையக் கட்டியா வச்சாக? இப்ப மீனு கரையில கெடக்கு. அத சொல்லுங்க."

நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"தலைவரே, சட்டப் பிரச்சினை ஒன்று. டாக்டர் ஆயுத பூஜையில் எதை வைப்பார்? ஸ்டெதஸ்கோப்பை. நோயாளியையா கொண்டுபோய்ப் படுக்க வைப்பார்? என் ஆயுதம் ஸ்பேனர். அது பூஜையில் இருக்கிறது, தொட மாட்டேன். பிரிட்ஜ் என் நோயாளி. நோயாளிக்குப் பொட்டு வைத்தது என் பாசத்தால்."

ஆவுடையப்ப பிள்ளை பெட்டியைத் திறந்து, உள்ளே பார்த்து, மூடினார். "ஏத்துக்கிடுதேன்," என்றார்.

ஷெட்டுக்குப் போனோம். ராமையா முதல் பிரிட்ஜில் கை வைத்தான்; அதுவும் இரட்டைக் கதவுக்காரி, நான் கடைசியாக கேஸ் நிரப்பி ஓடவிட்டது. "விடு மாப்ளே," என்றேன். நானே தோளைக் கொடுத்துச் சாய்த்தேன். மெதுவாக, மல்லாக்க. உள்ளே எண்ணெய் நகர்ந்து குழாய்க்குள் இறங்கும் சத்தம் மற்றவர்களுக்குக் கேட்டிருக்காது. அது ஒரு குழந்தை புரண்டு படுப்பதுபோல மிகச் சின்னச் சத்தம்.

பிறகு இருபது பேரையும் படுக்க வைக்க இருபது நிமிடம்கூட ஆகவில்லை.

சேசம்மாளுக்கு முன்பே தெரிந்திருந்தது, படுக்க வைத்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. உட்சுவர் பிளாஸ்டிக், உப்புக்குத் துருப்பிடிக்காது. ரப்பர் ஓரம் ஈயை விடாது. சுவர் மூன்று விரல் கனம், வெயில் ஏறாது. பின்சுவரில் தண்ணீர் வடிகிற ஓட்டை இப்போது அடியில் வந்துவிட்டது. துணியால் அடைத்து, வேண்டும்போது உருவினால் இரத்தத் தண்ணீர் இறங்கிவிடும். தொட்டி செய்யச் சொல்லி எந்தக் கொத்தனாரிடம் கேட்டாலும் இப்படிச் செய்து தர மாட்டான்.

"இது தொட்டிதான்," என்று சேசம்மாள் சுவரைத் தட்டிப் பார்த்தாள். "ஒரு வருசமா நிக்க வச்சு வேடிக்கை பாத்திருக்காக."

அடுத்து உப்பு. உப்பளத்தில் மலை மலையாகக் கிடக்கிறது. சுமக்கக் கூடை இல்லை, எல்லாம் பூஜையில். சேலையில் கட்டினார்கள், ஆண்கள் உடுத்த சாரத்தில் கட்டினார்கள், தலையணை உறையில், பள்ளிக்கூடப் பையில், குக்கரில், ஒருத்தி தன் கல்யாணப் பட்டிலும் கொண்டுவந்தாள். கடைசியில் ஆவுடையப்ப பிள்ளை வேர்த்து விறுவிறுத்து நடந்து வந்து, பிரிட்ஜின் ஓரத்தில் பெட்டியை வைத்து, இரண்டு பூட்டையும் டக் டக்கென்று திறந்து, விளிம்புவரை நிறைந்திருந்த உப்பைக் கவிழ்த்தார்.

"தலைவரே, நீங்களா?"

"உப்பு சைவம்தானேவே," என்று அடுத்த நடைக்குப் போனார். பதினேழு நடை. நான் எண்ணினேன்.

மீனும் கரையிலிருந்து அப்படியேதான் வந்து சேர்ந்தது. ஒரு அடுக்கு மீன், ஒரு அடுக்கு உப்பு. சேசம்மாள் ஒவ்வொரு பிரிட்ஜாகப் போய்க் கையை விட்டுப் பார்த்து, "இன்னும் போடுங்க, உங்கப்பன் வீட்டு உப்பா?" என்று திட்டினாள். பெண்கள் பாட்டுப் பாடினார்கள். சங்குமுனைக்காரர்கள் எதிர்ப்பாட்டுப் பாடினார்கள். யாரோ யார் முதுகிலோ மீன் குடலைப் போட்டு, அதற்குப் பதில் வந்து, அரைமணி நேரம் போர் நடந்தது. என் தலையில் ஏழு சாளைத் தலைகள் விழுந்தன. நான் எறிந்தவற்றுக்குக் கணக்கில்லை.

சூரியன் மறையவும் இருபத்தோராவது கதவு மூடவும் சரியாக இருந்தது. ஒவ்வொரு கதவின்மேலும் பாறாங்கல் பாரம்.

புரட்டாசி 29

கை வலிக்கிறது. பேனா பிடிக்க முடியவில்லை. மழை இறங்கிவிட்டது.

ஐப்பசி 4

மழை, மழை, மழை. கடல் எது வானம் எது என்று கேட்டால் இரண்டுக்கும் தெரியாது. ஷெட்டில் தினமும் துணி அடைப்பை உருவித் தண்ணீர் இறக்குகிறேன். பிரிட்ஜை உடைக்கும் தீர்மானம் பற்றி யாரும் பேசவில்லை. கூரை ஒழுகுகிறது, எல்லோரும் குக்கரை வைத்துப் பிடிக்கிறார்கள்.

ஆனால் பதினான்கு வீட்டிலும் மூட்டை கட்டியபடியே இருக்கிறது. மீன் பதமாகியிருக்கிறதா, உள்ளே அழுகிக் கிடக்கிறதா என்று திறந்து தின்று பார்த்தால்தான் தெரியும். சேசம்மாள் இருபது நாள் கதவைத் தொடாதே என்கிறாள். கூட்டத்தில் ஒரு கிழவர், "போன வருசமும் தொறக்காதேன்னுதான் சொன்னாக," என்றார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

ஐப்பசி 17

பசி பொறுக்காமல் இன்று நான் திருடினேன் என்பதை வரலாறு குறித்துக்கொள்ளட்டும்.

ஒன்பதாவது பிரிட்ஜ். வெயில் விழும் மூலையில் இருப்பது. முதலில் கெட்டால் அதுதான் கெடும். எந்தக் காரணத்துக்காகவும் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. கைக்கு எட்டியது, அவ்வளவுதான். ஐந்து சாளை. கழுவி, சுட்டு, கஞ்சியோடு தின்றேன்.

காலை 9: தின்றாயிற்று. உப்பு தூக்கல். மற்றபடி தேவாமிர்தம்.

11: வயிற்றில் ஒரு சத்தம். என்னுடையதுதான் என்று உறுதி செய்துகொண்டேன்.

பகல் 1: சத்தம் இல்லை. இன்னும் மூன்று தின்றேன், பசி.

3: ஸ்பேனர் செட் ராமையாவுக்கு. இரட்டைக் கதவுக்காரியின் வடிகால் இடது ஓரம், மற்றவைக்கு நடு. சும்மா எழுதி வைக்கிறேன்.

மாலை 5: மூச்சு உண்டு. புத்தி உண்டு, முன்பிருந்த அளவு.

6: நாளைக் காலைவரை நானே ஆகாரத்தைக் குறைத்துக்கொள்கிறேன். வயது ஆகிறது.

ஐப்பசி 18

உயிரோடு இருக்கிறேன். என் உடலில் சிங்கத்தின் பலம், சுறாவின் ஆரோக்கியம். மறுபடி தின்ன ஷெட்டுக்குப் போனால், பூங்கனி அங்கே நின்றுகொண்டிருந்தாள். பாறாங்கல் நகர்ந்திருப்பதைப் பார்த்துவிட்டாள்.

"தின்னிய."

"நாக்கு கேட்டது."

"எத்தன?"

"ஐந்து. அப்புறம் மூன்று."

"எல்லாருக்கும் முன்னால தனியா ஒக்காந்து தின்னிய. ஒண்ணு ஆயிருந்தா?"

"சுவையான பொருளைப் பகிராமல் தின்பது என் குணம். உன் அப்பனைக் கேட்டுப் பார். சின்ன வயதில் அவன் முறுக்கையெல்லாம்…"

என்னை அடிக்கக் கை ஓங்கினாள். அடிக்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சோறு வடிச்சு வச்சிருக்கேன். அங்க வந்து தின்னுங்க," என்றாள்.

ஐப்பசி 19

ஒன்பதாவது பிரிட்ஜ் திறப்பு விழா. சேசம்மாள் ஒரு சாளையை விரலால் பிளந்து, முகர்ந்து, நாக்கில் வைத்து, கண்ணை மூடினாள். முப்பத்திரண்டு குடும்பமும் கழுத்தை நீட்டியது.

"ஊற வச்சு, புளி ஊத்தி, குழம்பு வைங்க," என்றாள். "தை வரைக்கும் நிக்கும்."

அதன்பிறகு நடந்த ஆரவாரத்தில் மழை பயந்து அரைமணி நேரம் நின்றது. ஆவுடையப்ப பிள்ளை வத்தல் குழம்பைக் கையில் வைத்துக்கொண்டு கூட்டத்தில் நின்று, எங்கள் தட்டுகளைப் பொறாமையோடு பார்த்தார். அவர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

ஐப்பசி 25

வண்டிகள் வந்துவிட்டன. ஏழு வண்டி, சொன்னால் சொன்ன நாள். சேற்றில் முழங்கால்வரை நனைந்து வந்த வண்டிக்காரர்களில் பெரியவர் கேட்டார்:

"பதினாலு குடும்பம்னாகளே, எங்க? ஏறச் சொல்லுங்க. மாடு நனையுது."

யாரும் முன்னே வரவில்லை. பெரியவருக்குக் கோபம் வந்தது. பூங்கனி அவர்களை உட்கார வைத்துச் சோறு போட்டாள். மூன்றாவது முறை குழம்பு கேட்ட பிறகு கோபம் தணிந்தது.

"என்ன மீனு தாயி இது? மழையில ஏது?"

ராமையா என்னைக் காட்டினான். நான் அடக்கமாக, கடலை ஆணையிட்டு வரவழைத்த கதையைத் தொடங்கினேன். முடிப்பதற்குள் பேரம் முடிந்துவிட்டது: மூன்று பிரிட்ஜ் மீன் கரிசல் காட்டுக்கு, திரும்பி வரும்போது ஏழு வண்டி கம்பும் சோளமும். ராமையா கூடப் போகிறான். எட்டாம் நாள் வருவான்.

வண்டி கிளம்பியபோது மழை விட்டிருந்தது. பூங்கனி அது வளைவு திரும்பும்வரை நின்றாள். பிறகு என் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு மாடிப்படி ஏறினாள்.

நான் மதியம் படுத்தேன். தூங்க முடியவில்லை. என் தலைக்கு நேர் மேலே அவள் வீடு. மூட்டையைப் பிரிக்கிறாள் போல. அலமாரியில் ஒவ்வொரு பாத்திரமாக வைக்கிறாள். டமார், டமார் என்று. தூக்குச்சட்டி, அண்டா, இட்லிக் கொப்பரை. நாகரிகமாக வைக்கத் தெரியாதா இந்தப் பெண்ணுக்கு? ஒரு மூட்டையில் இத்தனை பாத்திரமா?

இன்னும் முடியவில்லை. இப்போது டம்ளர்கள்.